இயற்கை பிராண்டு வைட்டமின் சி சீரம்: ரீஃபில் பாக்கெட்டோடு சேர்த்து வாங்கலாமா?

மல்லிப்பூ_மதுரை

பரு போன இடத்துல கன்னத்துலயும் தாடையிலயும் கருப்பு கருப்பா தங்கிப்போன தழும்புக்காக ஒரு வைட்டமின் சி சீரம் பார்த்து வெச்சிருக்கேன். மாநிறம், எண்ணெய் வழியற சருமம், ஊர் மதுரை. ராத்திரி பருவுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த அடாபலீன் 0.1% ஜெல் மூணு மாசமா போகுது. பகல்ல எஸ்.பி.எஃப் 50 சன்ஸ்கிரீன்.

பிராண்டு சுற்றுச்சூழல் அக்கறை உள்ளதுன்னு சொல்லிக்குது. அம்பர் (பழுப்பு) கண்ணாடி பாட்டில், டிராப்பர், 30 மி.லி. 60 மி.லி ரீஃபில் பாக்கெட்டையும் சேர்த்து காம்போவா வாங்கினா மில்லிக்குப் பாதி விலைதான் ஆகுது. டப்பா முன்பக்கம்: "99% இயற்கை", "விலங்குகள் மேல் சோதிக்கப்படாதது", "நெல்லி, அதிமதுரம், ஆரஞ்சு", "உடனடிப் பொலிவு".

பின்பக்கப் பட்டியல், வரிசை மாறாம: தண்ணீர், அஸ்கார்பிக் ஆசிட் (15%), புரொப்பேன்டையால், கிளிசரின், ஃபெருலிக் ஆசிட், சோடியம் ஹயலுரோனேட், மைக்கா, சாந்தன் கம், நெல்லிக்காய் எக்ஸ்ட்ராக்ட், அதிமதுர எக்ஸ்ட்ராக்ட், சோடியம் பென்சோயேட், பொட்டாசியம் சோர்பேட், ஆரஞ்சுத் தோல் எண்ணெய், லிமோனீன், லினலூல்.

காம்போ வாங்கலாமா? அடாபலீனோட சேருமா? எத்தனை நாள்ல தெரியும்?

லேபிள்_படி

முதல்ல ஒரு கணக்கு. தண்ணி மாதிரி இருக்கிற சீரம் ஒரு மில்லிக்கு சுமார் 20 சொட்டு. முகத்துக்கும் கழுத்துக்கும் நாளைக்கு 5 சொட்டு போதும். 30 + 60 = 90 மி.லி, அதாவது 1,800 சொட்டு, 360 நாள். அஸ்கார்பிக் ஆசிட்ங்கிறது வைட்டமின் சிதான், காத்துப் பட்டா கெடும். தண்ணியில கரைச்சது, அதுவும் டிராப்பர் பாட்டில்ல, திறந்த பிறகு மூணு மாசம் ஒழுங்கா இருந்தாலே பெரிய விஷயம். மூணு மாசத்துக்கு 450 சொட்டு, 22 மில்லி சொச்சம். 30 மி.லி பாட்டிலே முழுசா காலியாகாது. "பாதி விலை" எங்க போச்சு பாருங்க.

பட்டியலை வாசிக்கிற முறை: 1 சதவீதத்துக்கு மேல இருக்கிறது அளவு இறங்குவரிசையில வரணும். 1 சதவீதத்துக்குக் கீழ இருக்கிறதை எந்த வரிசையில வேணா போட்டுக்கலாம். அந்த 1% கோடு எங்கன்னு கண்டுபிடிக்க ஹயலுரோனேட், சாந்தன் கம் ரெண்டையும் தேடுங்க. ரெண்டுமே 1 சதவீதத்தைத் தொட்டா சீரம் கூழாயிடும், அதனால பொதுவா அதுக்குக் கீழதான் போடுவாங்க. உங்க பட்டியல்ல நெல்லியும் அதிமதுரமும் அதுக்கும் பின்னாடி வருது. வாசனைக்கும் அட்டைப்படத்துக்கும் போட்ட அளவு. அதிமதுரத்துல நிறத்தைக் குறைக்கிற பொருள் கிளாப்ரிடின். அது எண்ணெய்ல கரையற பகுதியில இருக்கு, தண்ணியில எடுத்த சாறுல கிட்டத்தட்ட வராது.

"99% இயற்கை"ங்கிறதையும் பார்த்துடலாம். இயற்கை அழகுசாதனங்களுக்கான சர்வதேச அளவுகோல் ஐ.எஸ்.ஓ 16128 கணக்குப்படி தண்ணியும் இயற்கையில சேரும். சீரத்துல பெரும்பங்கு தண்ணிதானே. அஸ்கார்பிக் ஆசிட் நெல்லிக்காயைப் பிழிஞ்சு வர்றதில்ல. குளுக்கோஸ்லேர்ந்து நொதிக்க வெச்சு ஆலையில செய்யறாங்க. அதுல ஒரு தப்பும் இல்ல, மூலக்கூறு ஒண்ணுதான். ஆனா படத்துல நெல்லிக்காய் எதுக்கு?

"விலங்குகள் மேல் சோதிக்கப்படாதது" இந்தியாவுல தனிச் சிறப்பு இல்ல. அழகுசாதனங்களை விலங்குகள் மேல சோதிக்கிறதும், அப்படிச் சோதிச்சதை இறக்குமதி பண்றதும் 2014-லயே தடையாயிடுச்சு. சட்டப்படி நடக்கிறதை விளம்பரமா போட்டிருக்காங்க, அவ்வளவுதான்.

நல்லதையும் சொல்லணும். 15% அஸ்கார்பிக் ஆசிட், 0.5% ஃபெருலிக், 1% வைட்டமின் ஈ, இந்த மூணும் சேர்ந்த கலவைதான் 2005-ல ஆய்வு முடிவோட வந்தது. ஃபெருலிக் சேர்த்ததும் வெயில்லேர்ந்து கிடைச்ச பாதுகாப்பு நாலு மடங்குலேர்ந்து எட்டு மடங்காச்சு. உங்க பட்டியல்ல முதல் ரெண்டு இருக்கு, வைட்டமின் ஈ இல்ல. இது தோலுக்குள்ள போகணும்னா பி.எச் (அமிலத்தன்மை அளவு, எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 3.5-க்குக் கீழ இருக்கணும். அதை டப்பாவில போடலைன்னா பிராண்டுக்கு மெயில் போட்டுக் கேளுங்க. பதில்ல எண் வரலைன்னா அதுவே ஒரு பதில்.

இனி ரெண்டு குறை. ஒண்ணு மைக்கா, அதாவது காக்காப்பொன். "உடனடிப் பொலிவு" அதனாலதான். வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிற மினுக்குத் தூள், முகம் கழுவினா போயிடும். ஜார்க்கண்ட்ல கோடெர்மா, கிரிதி பக்கம் மைக்கா பொறுக்கறதுல குழந்தைத் தொழிலாளர்கள் இருக்கிறது ஊரறிஞ்ச விஷயம். அதைச் சரிபண்ண 2017-ல நிறுவனங்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பே ஆரம்பிச்சாங்க. பசுமைன்னு சொல்ற பிராண்டு மைக்கா எங்கேர்ந்து வருதுன்னு எழுதலைன்னா நான் அந்தப் பேச்சை நம்ப மாட்டேன். செயற்கை மைக்காவும் கிடைக்குது, பட்டியல்ல "சிந்தெடிக் ஃப்ளூர்ஃப்ளோகோபைட்"னு இருக்கும்.

ரெண்டாவது ஆரஞ்சுத் தோல் எண்ணெய். இதுதான் உங்க தோலுக்குப் பெரிய பிரச்சனை. அதுல இருக்கிற லிமோனீன் காத்துப் பட்டு ஆக்சிஜனேற்றம் ஆனா ஒவ்வாமை கிளப்பும். மாநிறத்துலேர்ந்து கருப்பு வரைக்கும் உள்ள தோல்ல எரிச்சல் எங்க வந்தாலும் அந்த இடம் கருக்கும். தழும்பைப் போக்கப் போட்டது புதுத் தழும்பை உண்டாக்கும்.

குப்பி

லேபிள்_படி சொன்னது சரி. பேக்கிங் பக்கத்தை நான் சொல்றேன்.

டிராப்பர் மூடி ஒரே பொருள் கிடையாது. ரப்பர் குமிழ், பிளாஸ்டிக் கழுத்து, கண்ணாடிக் குழாய்னு மூணு. அப்படியே குப்பையில போட்டா எதுவும் மறுசுழற்சிக்குப் போகாது. பாட்டில் காலியானதும் குமிழை இழுத்தா கண்ணாடிக் குழாய் தனியா வரும். கண்ணாடியைக் கண்ணாடியோட, மீதியை உலர் குப்பையில. பழைய பேப்பர் கடையில குட்டி அம்பர் பாட்டிலை ஒண்ணு ரெண்டா பெரும்பாலும் வாங்க மாட்டாங்க. சேர்த்து வெச்சு மத்த கண்ணாடியோட எடைக்குப் போடணும். காலி பாட்டிலைத் திருப்பி அனுப்புங்கன்னு சொல்ற பிராண்டுக்கும் ஒரே ஒரு பாட்டிலை கூரியர் பண்ணாதீங்க, அஞ்சாறு சேரட்டும்.

ரீஃபில் பாக்கெட் பாட்டிலைவிட ரொம்ப லேசு, லாரியில ஏத்தினா எரிபொருள் மிச்சம், அது உண்மை. ஆனா காத்து புகாம இருக்க உள்ளே அலுமினியத் தாள் ஒட்டிய பல அடுக்கு பாக்கெட்டா இருந்தா அதைப் பிரிக்க முடியாது, மறுசுழற்சி கிடையாது. வெறும் பிளாஸ்டிக்கா இருந்தா ஆக்சிஜன் உள்ளே நுழையும். முதல் வகை குப்பைக்கு இடிக்குது, ரெண்டாவது வைட்டமின் சிக்கு இடிக்குது. ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், நியாசினமைடு (வைட்டமின் பி3) சீரம், இதுக்கெல்லாம் ரீஃபில் அருமை. அஸ்கார்பிக் ஆசிடுக்கு வேண்டாம்.

ஏற்கனவே வாங்கிட்டவங்களுக்கு: பழைய பாட்டில்ல மிச்சம் இருக்கிறதுமேலயே புதுசை ஊத்தாதீங்க. அடியில இருக்கிறது ஏற்கனவே பழுத்துப்போனது. பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணியில மூணு நாலு தடவை குலுக்கிக் கழுவி, கடைசிக் கழுவு டிஸ்டில்டு வாட்டர்ல. போர் தண்ணி கூடவே கூடாது. அதுல இருக்கிற இரும்பு வைட்டமின் சியை வேகமா கெடுக்கும், துளி இரும்பு போதும். ஒரு முழு நாள் கவுத்துக் காய வைங்க. ரப்பர் குமிழைக் கொதிக்கிற தண்ணியில போடாதீங்க, தொளதொளன்னு ஆகி உறிஞ்சாது. ஊத்தும்போது பாட்டில் கழுத்து வரை நிரப்புங்க, மேலே காலி இடம் எவ்வளவு இருக்கோ அவ்வளவு காத்து.

புதுசா வாங்கறவங்க 15 மி.லி, காத்துப் புகாத பம்ப் இருக்கிறதா பாருங்க. அதுலயும் ஸ்பிரிங் உட்பட முழுக்க ஒரே வகைப் பிளாஸ்டிக்ல செஞ்சது வந்துடுச்சு.

பவளமல்லி

போடற முறையைச் சொல்றேன் தோழி. அடாபலீன் ராத்திரி, வைட்டமின் சி காலைல. ரெண்டும் சேரும். ஆனா அடாபலீன் போட்டு தோல் உரியற நாள்ல வைட்டமின் சியைத் தொடாதீங்க. ஒரே வாரத்துல ரெண்டு புதுப் பொருள் ஆரம்பிச்சா எது எரிக்குதுன்னே தெரியாது. உங்களுக்கு அடாபலீன் மூணு மாசமா பழகியிருக்கு, அதனால பரவாயில்ல. பருவுக்கு பென்சாயில் பெராக்சைடும் இருந்தா அதை இதோட ஒரே நேரத்துல வேண்டாம், அது வைட்டமின் சியை ஆக்சிஜனேற்றம் பண்ணிடும். கர்ப்பத்துக்குத் தயாராகறவங்க அடாபலீனை நிறுத்தறது பத்தி டாக்டர்கிட்ட முதல்லயே பேசிடணும்.

முதல்ல சோதனை. முன்கை உள்பக்கம், ஒரு ரூபா நாணயம் அளவு இடத்துல, காலை மாலை ரெண்டு வேளை, ஏழு நாள். ஒரே ஒரு தடவை போட்டுப் பார்த்துட்டு "ஒண்ணும் ஆகல"ன்னு முடிவு பண்றது தப்பு. ஒவ்வாமை பல நேரம் நாலாம் அஞ்சாம் நாள்தான் தலைகாட்டும். அடுத்து காதுக்குக் கீழே தாடை ஓரத்துல மூணு நாள். அப்புறம்தான் முகம்.

முகத்தைக் கழுவி, துண்டால ஒத்தி, நல்லா காயட்டும். ஈரத்துல போட்டா அதிகமா உள்ளே போய் சுருக்குன்னு இருக்கும். டிராப்பர் நுனியைக் கன்னத்துல வைக்காதீங்க, ரீல்ஸ்ல பண்ற மாதிரி. தோல்ல இருக்கிற எண்ணெயும் கிருமியும் அப்படியே பாட்டிலுக்குள்ள போகும். உள்ளங்கையில 4, 5 சொட்டு விட்டு, விரலால கன்னம், நெத்தி, தாடைன்னு ஒத்துங்க. மூக்கு ஓரம், உதட்டு முனை, கண் ஓரம் மூணையும் விட்டுடுங்க. திரவம் வழிஞ்சு தேங்கி முதல்ல எரியறது அங்கதான். ஒண்ணு ரெண்டு நிமிஷம் லேசா அரிப்பு மாதிரி இருந்தா சரி. அஞ்சு நிமிஷம் தாண்டியும் எரிஞ்சா கழுவிடுங்க. அடுத்த தடவை மாய்ஸ்சரைசர் போட்டு அதுமேல சீரம். அப்பவும் எரிஞ்சா அந்த சீரம் உங்களுக்கு இல்ல, "பழகிடும்"னு இழுக்காதீங்க.

முதல் ரெண்டு வாரம் வாரத்துக்கு ரெண்டு நாள், அடுத்த ரெண்டு வாரம் ஒண்ணு விட்டு ஒரு நாள், அப்புறம் தினமும். த்ரெடிங், வேக்ஸிங் பண்ணின நாளும் மறுநாளும் லீவு.

சன்ஸ்கிரீன் மேல தேய்க்கும்போது திரித்திரியா உருண்டு வந்தா, சீரம் அதிகமாச்சுன்னு அர்த்தம், இல்லைன்னா காயறதுக்குள்ள அடுத்ததைப் போட்டுட்டீங்க. சீரத்துல இருக்கிற சாந்தன் கம்தான் உருளுது. சொட்டைக் குறைச்சு அஞ்சு நிமிஷம் விடுங்க.

சன்ஸ்கிரீன் முகத்துக்கும் கழுத்துக்கும் ரெண்டு விரல் நீளம் முழுசா. பட்டாணி அளவு போட்டா டப்பாவில போட்டிருக்கிற 50 கிடைக்காது. வெளியில இருந்தா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. நம்ம நிறத்துக்கு இன்னொரு விஷயம், கண்ணுக்குத் தெரியற வெளிச்சமே தழும்பைக் கருக்க வைக்கும். சாதாரண சன்ஸ்கிரீன் அதைத் தடுக்காது. அயர்ன் ஆக்சைடு கலந்த நிறமுள்ள சன்ஸ்கிரீன் தடுக்கும். சீரத்துக்கு வெச்சிருக்கிற காசுல பாதியை இதுக்குப் போட்டாலே தழும்பு சீக்கிரம் குறையும்.

பலன் தெரிய 8 முதல் 12 வாரம். ஒரே ஜன்னல், ஒரே நேரம், ஃபில்டர் இல்லாம மாசத்துக்கு ஒரு போட்டோ. கண்ணாடியில தினமும் பார்த்தா ஒண்ணும் தெரியாது. எதையாவது தடவி ஒரே வாரத்துல வெளுத்துட்டா சந்தோஷப்படாதீங்க, அதுல ஸ்டீராய்டோ பாதரசமோ இருக்க வாய்ப்பு உண்டு.

சோடா_உப்பு

இவ்வளவு எதுக்கு? அஸ்கார்பிக் ஆசிட் பவுடர் 100 கிராம் ஆன்லைன்ல கிடைக்குது. வாரா வாரம் 10 மி.லி கலக்கிக்கலாம். பிளாஸ்டிக் இல்ல, பாட்டில் இல்ல. இதைவிடப் பசுமை ஏது?

லேபிள்_படி

சகோ, 10 மில்லியில 1 கிராம் கரைச்சா பி.எச் 2.2 பக்கம் நிக்கும். அதை முகத்துல போட்டா எரியும். 3.2-க்குக் கொண்டுவர சுமார் 45 மில்லிகிராம் சோடா உப்பு வேணும். சமையல் தராசுல அது எடையாவே காட்டாது. நம்ம ஒரு சிட்டிகை அதைப்போல அஞ்சாறு மடங்கு, போட்டதும் பி.எச் 4-ஐத் தாண்டிடும், அப்புறம் தோலுக்குள்ள அவ்வளவா போகாது. மில்லிகிராம் தராசு, 2 முதல் 5 வரை நுணுக்கமா காட்டற பி.எச் தாள், டிஸ்டில்டு வாட்டர், மூணும் வீட்ல இருக்கிறவங்க தாராளமா செய்யலாம். இல்லாதவங்க வேண்டாம்.

எலுமிச்சைச் சாறு தடவலாமான்னு அடுத்து யாராவது கேட்பாங்க. அதுவும் பி.எச் 2 பக்கம்தான், கூடவே வெயில்ல போனா தோலைக் கொப்புளிக்க வைக்கிற பொருளும் இருக்கு.

கார்போகரிசி

"இயற்கை" பத்தி ஒரு துணுக்கு. இப்ப பசுமை பிராண்டுகள் ரெட்டினாலுக்கு (சுருக்கத்துக்குப் போடற வைட்டமின் ஏ) மாற்றுன்னு விக்கிற பாகுச்சியால் நம்ம நாட்டு மருந்துக் கடை கார்போகரிசியிலேர்ந்து எடுக்கிறதுதான். 2019-ல வந்த 12 வார ஆய்வுல 0.5% பாகுச்சியால் நிறத்தையும் சுருக்கத்தையும் குறைக்கிறதுல 0.5% ரெட்டினாலுக்கு இணையா வந்துச்சு, தோல் உரியறதும் கம்மி. அதுக்காக விதையை அரைச்சு முகத்துல பூசிடாதீங்க. முழு விதையில சொராலென் இருக்கு, வெயில் பட்டா கருக்க வைக்கும். வெண்புள்ளிக்குக் கருப்பு வரவழைக்கக் கொடுக்கிற விதை அது! சுத்திகரிச்ச பாகுச்சியால்ல சொராலெனை நீக்கியிருப்பாங்க.

அப்புறம், எல்லாக் கருப்பும் சீரத்துக்கு அடங்காது. கழுத்து மடிப்புல வெல்வெட் மாதிரி தடிச்ச கருப்புன்னா ரத்தச் சர்க்கரை பாருங்க. நெத்தியில முடி ஓரமா கோடு மாதிரி கருத்தா தலைச்சாயத்தைச் சந்தேகப்படுங்க. பொட்டு வெக்கிற இடத்துல மட்டும் நிறம் மாறினா ஸ்டிக்கர் பசை. கன்னம் ரெண்டுலயும் வரைபடம் மாதிரி பரவினது மங்கு, அதுக்கு வைத்தியம் வேற, தோல் டாக்டர்கிட்ட போகணும். மல்லிப்பூவுக்கு பரு இருந்த அதே இடத்துலதான் கருப்புங்கிறதால சீரம் சரி.

மல்லிப்பூ_மதுரை

எல்லாருக்கும் நன்றி. காம்போவை விட்டுட்டேன். ரெண்டு சந்தேகம். இந்த பிராண்டை விட்டா எதைத் தேடணும்? வைட்டமின் சி கெட்டுப்போச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

லேபிள்_படி

முதல் கேள்விக்கு: எண்ணெய் சருமம், பருத் தழும்பு, மதுரை வெயில். உங்க இடத்துக்கு நியாசினமைடு 4 அல்லது 5 சதவீதம்தான் முதல்ல. நிறமியை மேல் தோலுக்குக் கடத்தறதைக் குறைக்கும், சூட்டுல கெடாது, ரீஃபில் பாக்கெட்டுக்கும் ஒத்துக்கும். 10% வேண்டாம், பலன் இரட்டிப்பாகாது, முகம் சிவக்க வாய்ப்பு அதிகம். வைட்டமின் சிதான் வேணும்னா 3-ஓ-எத்தில் அஸ்கார்பிக் ஆசிட் இருக்கிறதா பாருங்க, அஸ்கார்பிக் ஆசிடைவிட நிலையானது. எதுவானாலும் வாசனை எண்ணெய் இல்லாதது, மைக்கா இல்லாதது. "பிரிசர்வேட்டிவ் இல்லாதது"ன்னு பெருமையா போட்ட தண்ணி சீரம் பக்கமே போகாதீங்க, பூஞ்சை பிடிக்கும், அதுவும் இயற்கைதான். காஸ்மாஸ் சான்று (இயற்கை அழகுசாதனங்களுக்குக் கொடுக்கிறது) இருந்தா ஃபீனாக்சிஎத்தனால்ங்கிற செயற்கைப் பிரிசர்வேட்டிவ் இருக்காது, பென்சோயேட், சோர்பேட் மாதிரி இருக்கும். அது போதும்.

ரெண்டாவது: பாட்டிலை வெளியிலேர்ந்து பார்த்தா அம்பர் கண்ணாடியில ஒண்ணும் தெரியாது. டிராப்பர்ல எடுத்து வெள்ளைத் தாள் பக்கத்துல பிடிங்க. நிறமே இல்லாமலோ வெளிர் மஞ்சளாவோ இருந்தா நல்லது, ஃபெருலிக் இருந்தா ஆரம்பத்துலயே லேசா வைக்கோல் நிறம் இருக்கும். ஆரஞ்சு வந்தா முடிக்கப் பாருங்க. டீ டிகாஷன் நிறம் வந்தா நிறுத்திடுங்க. அந்த நிலையில எரித்ருலோஸ்னு ஒண்ணு உண்டாகியிருக்கும், டேனிங் லோஷன்ல போடற அதே பொருள். தோலையும் நகத்தையும் ஆரஞ்சா கறை பண்ணும். திறந்த அன்னிக்கே போன்ல ஒரு போட்டோ எடுத்து வெச்சா ஒப்பிட வசதி. சில பிராண்டு ஆரம்பத்துலயே மஞ்சள் சாறு கலந்து ஆரஞ்சா விக்கிறாங்க, அதுல கெட்டது தெரியவே தெரியாது, வாங்காதீங்க.

குப்பி

வைக்கிற இடம்: ஃபிரிட்ஜ் கதவுல, நிமிர்த்தி. பாத்ரூம் அலமாரி கூடாது, கீசர் சூடும் நீராவியும் போதும் கெடுக்க. எடுத்தோமா, போட்டோமா, மூடினோமான்னு இருக்கணும், சீரம் காயற அஞ்சு நிமிஷமும் மூடி திறந்தே கிடக்கும் பல வீட்ல. வாங்கறது சித்திரை வைகாசின்னா கடையிலேயே போய் வாங்குங்க. கூரியர் வண்டி ரெண்டு நாள் வெயில்ல நின்னா பாட்டில் உங்க கைக்கு வரும்போதே பாதி வயசு முடிஞ்சிருக்கும். தயாரிப்புத் தேதி ஆறு மாசத்துக்கு மேல பழசா இருந்தா தள்ளுபடிக்கு ஆசைப்படாதீங்க.

நிறம் மாறினதைக் கை காலுக்குத் தடவி முடிக்காதீங்க, கறைதான் மிஞ்சும். கழுவி ஊத்திட்டு பாட்டிலைக் கவுத்து வைங்க. டிராப்பர் செடிக்குச் சொட்டு உரம் விட நல்லா இருக்கும்.